காலையில் சொன்னது

"அப்புறம்?" என்றாள் அவள், ஆஸ்பத்திரி வராந்தாவின் தரையில் முழங்கால் போட்டபடி. "உள்ள அப்பாகிட்ட போனோம்ல? அப்புறம் என்ன ஆச்சு?"

பெஞ்சில் உட்கார்ந்திருந்த மகளுக்குப் பதில் சொல்கிற அவசரம் இல்லை. ஷூவின் ஒட்டுப்பட்டையைப் பிரிப்பதும் ஒட்டுவதுமாக, அந்தச் சர்ரென்ற சத்தத்தில் லயித்திருந்தாள். மூன்று வயது இன்னும் முடியவில்லை. பிறக்கும்போதே உருண்டையாக இருந்ததால் அப்பா வைத்த செல்லப் பெயர் பட்டாணி. முறைப்படி வைத்த பெயர் வேறொன்று இருந்தது; அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவள் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டாள்.

"சொல்லுடா பட்டாணி. அப்பா என்ன பண்ணாரு?"

"படுத்திருந்தாரு."

"ம். அப்புறம்?"

"மூக்குல குழாய்."

"ம். நீ என்ன பண்ணே?"

பட்டாணி யோசித்தாள். நெற்றியைச் சுருக்கி, உதட்டைக் குவித்து, நிஜமாகவே யோசித்தாள். "அப்பா கை ஜில்லுன்னு இருந்துச்சு."

பல்கலைக்கழகத்தில், அவளுடைய ஆராய்ச்சிக்கூடத்தில், எந்தக் குழந்தையாவது இப்படி ஒரு பதில் சொல்லியிருந்தால் அன்றைக்கு முழுக்க அவள் தரையில் நடந்திருக்க மாட்டாள். யாரும் எடுத்துக்கொடுக்காமல், தொட்டுப் பார்த்ததைத் தன் வாயால் தானாகச் சொன்ன ஒரு வாக்கியம். தங்கம் மாதிரி. ஆனால் இது ஆராய்ச்சிக்கூடம் இல்லை. ஒரு பெண் வாழ்நாள் முழுக்கத் தன் அப்பாவைப் பற்றி வைத்துக்கொள்ளப் போகிற ஒரே நினைவு, அவர் கை சில்லென்று இருந்தது என்பதா?

"அது வேணாம்டா," என்றாள். "வேற?"

குழந்தைகளின் ஞாபகம் எப்போது, எப்படி முளைக்கிறது என்பதுதான் அவளுடைய வேலை. கம்பளம் விரித்த ஒரு சின்ன அறை, மரச் சாமான்கள், கண்ணாடிக்குப் பின்னால் ஒரு கேமரா. இரண்டு வயதுப் பிள்ளைகள் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு வரும். ஒரு விளையாட்டைக் காட்டுவார்கள். பந்தைக் குழலுக்குள் போடு, மூடியைத் திருகு, ஆட்டு; உள்ளே மணி அடிக்கும். சில மாதம் கழித்து அதே பிள்ளையைக் கூப்பிட்டு, அதே சாமானை முன்னால் வைத்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். வாய் பேசத் தெரியாத வயதில் பார்த்ததைக் கை மறக்காமல் செய்து காட்டும். அந்த நேரத்தில் அறையில் இருக்கிற பெரியவர்களுக்கெல்லாம் கண் கலங்கிவிடும். ஆனால் அதே பிள்ளையை ஐந்து வயதில் கூப்பிட்டு, இங்கே வந்திருக்கிறாயா என்று கேட்டால், வந்ததே இல்லை என்று அடித்துச் சொல்லும்.

ஏனென்றால் ஒரு கோடு இருக்கிறது. மூன்று மூன்றரை வயதில் போகிற கோடு. அதற்கு முன்னால் நடந்தது எல்லாம், அம்மா ஊட்டியது, அப்பா தோளில் தூக்கியது, விழுந்தது, சிரித்தது எல்லாம், ஒன்று விடாமல் போய்விடும். ஏதோ ஒன்று இரண்டு மட்டும் எப்படியோ தப்பித்துக் கரையேறும். கூட்டங்களில் இதைச் சொல்லும்போது அவள் ஒரு வேடிக்கையும் சேர்த்துக்கொள்வாள். "பிள்ளையோட ரெண்டாவது பிறந்தநாளுக்கு அவ்வளவு செலவு பண்றீங்களே, அது உங்களுக்காகத்தான், பிள்ளைக்காக இல்ல." அரங்கம் கொல்லென்று சிரிக்கும். அந்தச் சிரிப்பு கொஞ்ச காலமாக அவள் காதுக்குள்ளேயே இருந்தது.

கணவனின் நுரையீரலைப் பற்றி டாக்டர் சொன்னபோது, "வலி இருக்குமா டாக்டர்?" என்று கேட்டது அவன்தான். அவள் எதுவும் கேட்கவில்லை. மனசுக்குள் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். டாக்டர் கொடுத்த கெடு, பட்டாணியின் வயது, அந்தக் கோடு. எப்படிக் கூட்டினாலும் பிள்ளை கோட்டைத் தொடவில்லை. கொஞ்சம்தான் குறைந்தது. அந்தக் கொஞ்சத்துக்காகத்தான் அவள் யாரோடு சண்டை போடுவது என்று தெரியாமல் சண்டை போட்டுக்கொண்டிருந்தாள்.

கரையேறுகிற நினைவுகள் எப்படிப்பட்டவை என்று அவளுக்குத் தெரியும். வழக்கமாக நடக்காத ஒன்றாக இருக்க வேண்டும். மனசை அசைக்க வேண்டும். நடந்த பிறகு அதைப் பற்றித் திரும்பத் திரும்பப் பேச வேண்டும். சரி, அப்படி ஒன்றைச் செய்துவிடுவது என்று இறங்கினாள்.

அவன் லிஃப்ட் மெக்கானிக். ஊரிலேயே உயரமான கட்டடத்தில் கண்ணாடி லிஃப்டைப் பொருத்தியவர்களில் அவனும் ஒருவன். சக்கர நாற்காலியில் அவனை உட்கார வைத்து, மடியில் பிள்ளையை வைத்து, அந்த லிஃப்டில் உச்சிக்கு அழைத்துப் போனாள். பிள்ளைக்கு நன்றாகத் தூக்கம் ஆகியிருந்தது, வயிறு நிறைந்திருந்தது, நினைவுகள் ஒன்றோடொன்று குழம்பாமல் இருக்க அன்றைக்கு வேறெங்கும் கூட்டிப்போகவில்லை. அவன் பட்டாணியின் விரலைப் பிடித்துப் பொத்தானை அழுத்த வைத்தான். ஊர் கீழே இறங்கியது. "பாத்தியா, அப்பா செஞ்ச லிஃப்ட்," என்றான் மூச்சு வாங்க. அவள் லிஃப்டையும் பார்க்கவில்லை, ஊரையும் பார்க்கவில்லை. பிள்ளையின் முகத்தில் ஏதாவது பதிகிறதா என்றே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் காலை கேட்டாள். "நேத்து எங்கடா போனோம்?"

"நாய் பாத்தோம்," என்றாள் பட்டாணி, முகம் மலர.

கட்டடத்தின் வாசலில் காவல்காரர் கட்டி வைத்திருந்த நாய். அவனுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. சிரித்துச் சிரித்து இருமல் வந்து, இருமி இருமிக் கண்ணில் நீர் வந்து, "விடு, நாயையாவது ஞாபகம் வெச்சுக்கட்டும்," என்றான். அவள் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு குழாயைத் திறந்துவிட்டாள்.

அவனை ஆஸ்பத்திரியில் சேர்த்த பிறகு தினமும் இதுதான் நடந்தது. பிள்ளையை உள்ளே கூட்டிப்போவது, அவன் பக்கத்தில் கொஞ்ச நேரம் வைத்திருப்பது, சூடு ஆறுவதற்குள் வெளியே கொண்டுவந்து இந்தப் பெஞ்சில் உட்கார வைத்து, உள்ளே என்ன நடந்தது என்று கேட்பது. உடனே கேட்டால்தான் நிற்கும். ஆரம்பத்தில் அவனும் கேலி பேசினான். "என்ன டாக்டரம்மா, பரீட்சை ஹாலுக்குக் கூட்டிட்டுப் போறீங்களா? பாத்து மார்க் போடுங்க." போகப்போகக் கேலி குறைந்து, அவர்கள் எழுந்து போவதைப் படுத்தபடியே பார்ப்பதோடு நின்றது. அவளுக்கு அதைக் கவனிக்க நேரம் இல்லை.

இன்றைக்குக் காலையிலும் அப்படித்தான். உள்ளே நுழைந்ததும் பையைக் கீழே போட்டுவிட்டு, அரையிருட்டில் முகம் சரியாகப் பதியாது என்பதால் ஜன்னல் திரையை முழுசாக இழுத்துவிட்டாள். பிடியைச் சுற்றிக் கட்டிலின் தலைப்பக்கத்தை உயர்த்தினாள். அவன் கண்ணைத் திறந்தான். ஏதோ சொன்னான். "இருங்க, பட்டாணி பாக்கட்டும்," என்று சொல்லி, பிள்ளையைத் தூக்கி அவன் கைப்பக்கம் உட்கார வைத்து, அதன் மோவாயைப் பிடித்து அவன் முகத்துக்கு நேராகத் திருப்பினாள்.

கேட்டுக்கொண்டே பொழுது போய், வராந்தாவில் இப்போது மத்தியான வெயில் வந்து தரையில் விழுந்திருந்தது. தரை துடைத்த மருந்தின் நெடி. அறைக் கதவு திறந்து அவன் அக்கா எட்டிப் பார்த்தாள். பேக்கரியில் வேலை; காலை வேலையை முடித்துவிட்டு, சட்டைக் கையில் மாவோடேயே வந்திருந்தாள். தாயில்லாத தம்பியைத் தூக்கி வளர்த்தவள்.

"ஏம்மா, உள்ள வா. தம்பி உன்னைக் கேக்கறான்."

"இதோ வந்துட்டேன் அண்ணி. இவ இப்பத்தான் வாயத் திறந்திருக்கா."

"அவளை நான் வெச்சுக்கறேன். நீ வா."

"ஒரே நிமிஷம் அண்ணி."

அண்ணி நின்று பார்த்தாள். பிறகு உள்ளே போனாள்.

அவள் பிள்ளையின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். ஆராய்ச்சிக்கூடத்தில் அவள் வைத்திருந்தது ஒரே ஒரு சட்டம். பிள்ளைக்கு விடையை எடுத்துக்கொடுக்கக் கூடாது. 'அம்மா பொம்மை வாங்கித் தந்தாங்கல்ல?' என்று ஒரு தடவை கேட்டுவிட்டால் போதும், பிள்ளை 'ஆமா' என்று தலையாட்டிவிடும். அதற்குப் பிறகு அது கண்ணால் பார்த்தது எது, நாம் வாயில் போட்டது எது என்று யார் தலைகீழாக நின்றாலும் பிரிக்க முடியாது. இந்தத் தப்பைச் செய்த ஒரு உதவியாளரின் ஒரு வருட உழைப்பை அவள் தயவு தாட்சண்யம் பார்க்காமல் தூக்கிக் குப்பையில் போட்டிருக்கிறாள்.

"பட்டாணி, அப்பா உனக்குப் பாட்டுப் பாடினாருல்ல?" என்றாள்.

சொன்ன மறுகணமே அவளுக்கு உடம்பு கூசியது. அவனுக்குப் பேசவே மூச்சில்லை. பாட்டுக்கு எங்கே போவான்?

"ஆமா," என்றாள் பட்டாணி உற்சாகமாக.

"என்ன பாட்டு பாடினாரு?"

பட்டாணி கொஞ்சமும் தயங்கவில்லை. அவள் போகிற மழலையர் பள்ளியில் சொல்லித் தந்த பல் தேய்க்கிற பாட்டை எடுத்துவிட்டாள். மேலே தேய், கீழே தேய், கொப்பளிச்சுத் துப்பு. கையால் தேய்த்துக் காட்டிக்கொண்டே பாடினாள். எதிர்ப் பெஞ்சில் இருந்த யாரோ சிரித்தார்கள். அண்ணி மறுபடி கதவைத் திறந்து, "ஏம்மா!" என்றாள். குரல் உடைந்திருந்தது. அவள் திரும்பாமலே கையை மட்டும் காட்டினாள். இதோ, இதோ. பாட்டு முடியட்டும். முடிந்ததும் இதைப் பிடித்துக்கொண்டு அப்பா சிரித்தாரா, தட்டிக்கொடுத்தாரா என்று மேலே கட்டலாம். பொய்தான். இருக்கட்டும். அழகான பொய்யாகவாவது ஒன்று இருக்கட்டும்.

ஒரு நர்ஸ் அவர்களைத் தாண்டி அறைக்குள் போனாள். இன்னொருத்தி போனாள். பட்டாணி கொப்பளித்துத் துப்பி முடித்து, மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தாள்.

அண்ணி மூன்றாம் முறை வெளியே வந்தாள். கதவுச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவள் தரையிலிருந்து எழுந்தாள். முழங்காலில் தரையின் ஓடு பதிந்திருந்தது.

"எப்போ?"

"இப்பத்தான்."

"பட்டாணியக் கேட்டாரா?"

அண்ணி அவளை நிமிர்ந்து பார்த்தாள். "பட்டாணியக் கேக்கலம்மா. உன்னைத்தான் கேட்டான். உன்னை மட்டும்தான் கேட்டான்."

அதன் பிறகு அவள் செய்தது யாருக்கும் பிடிக்காது. பிள்ளையின் கையைப் பிடித்து அறைப்பக்கம் இழுத்தாள். பயந்தது, அதிர்ந்தது எல்லாம் மற்றதைவிட ஆழமாகப் பதியும். அதுவும் அவளுக்குத் தெரியும். இத்தனை நாள் செய்த எதுவும் ஒட்டவில்லை என்றால், இதுவாவது ஒட்டட்டும். ஒன்றுமே இல்லாததற்கு இந்த முகமாவது இருக்கட்டும்.

"என்ன பண்றே நீ? வேணாம்," என்று அண்ணி குறுக்கே வந்தாள்.

"அவ அப்பா அண்ணி! பாக்கட்டும்! பாக்காம விட்டா ஒண்ணுமே இருக்காது இவளுக்கு!"

"அம்மா, வலிக்குது," என்றாள் பட்டாணி.

பார்த்தால், பிள்ளையின் மணிக்கட்டை அவள் அவ்வளவு இறுக்கிப் பிடித்திருந்தாள். விட்டதும் விரல் பட்ட இடமெல்லாம் வெள்ளையாகத் தெரிந்தது. பட்டாணி அத்தையின் காலைக் கட்டிக்கொண்டு, அம்மாவை யாரோ போலப் பார்த்தாள்.

"பிஸ்கட் வாங்கித் தரேன், வா," என்று அண்ணி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு படிக்கட்டுப் பக்கம் நடந்தாள். போகிறபோது அவளுடைய முதுகு குலுங்கியது. பட்டாணி அந்த முதுகைத் தட்டிக்கொடுத்துக்கொண்டே போனாள்.

அவள் உள்ளே போனாள்.

குழாயை எடுத்திருந்தார்கள். அது அழுத்தியிருந்த தடம் மட்டும் கன்னத்தில் கோடாக இருந்தது. முகம் மழமழவென்று இருந்தது. பக்கத்துக் கட்டிலில் இருக்கிற சலூன்காரர் முந்தாநாள்தான் சவரம் செய்துவிட்டிருந்தார். அவரும் நோயாளிதான். சிறுநீரகம் பழுதாகிப் படுத்திருந்தாலும் கத்தியைப் பிடித்தால் கை நடுங்காது, வாய் மட்டும் ஓயாது. அவருக்கு 'வானொலி' என்று பெயர் வைத்தவன் அவன்தான். அந்த வானொலி இப்போது இரண்டு கட்டிலுக்கும் நடுவிலிருந்த திரைக்கு அந்தப் பக்கம் சத்தமே இல்லாமல் இருந்தது.

அவள் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றாள். உன்னைத்தான் கேட்டான். எதற்காகக் கேட்டான்? சும்மா பார்க்கத்தானா? ஏதாவது சொல்லவா? சொல்ல இருந்ததைக் காலையிலேயே சொல்லிவிட்டானோ?

ஏதோ சொன்னானே. நுழைந்ததும் கண்ணைத் திறந்து ஏதோ சொன்னானே.

என்ன சொன்னான்?

அவன் அவளிடம் பேசிய முதல் வார்த்தை அவளுக்கு எழுத்துப் பிசகாமல் நினைவிருந்தது. பல்கலைக்கழக லிஃப்டில் இரண்டு மாடிக்கு நடுவில் மாட்டிக்கொண்டு அவள் வெலவெலத்துப் போயிருந்தபோது, மேலே ஒரு இடுக்கு வழியாக ஒரு முகம் தலைகீழாகத் தெரிந்தது. "எல்லா பட்டனையும் சேத்து அமுக்கினது நீங்கதானே மேடம்?" அந்த முகத்தில் மூக்கு நுனியில் கிரீஸ் இருந்ததுகூட ஞாபகம் இருந்தது. அன்றைக்கு அவள் கேட்டுக்கொண்டிருந்தாள். இன்றைக்கு?

பெரிய பிள்ளைகளிடம் நினைவை எடுக்க அவள் சொல்லித் தருகிற வழி ஒன்று உண்டு. நடந்த இடத்துக்குப் போ. வாசலில் நில். அப்போது என்ன வெளிச்சம், என்ன வாசனை, கையில் என்ன இருந்தது? மெதுவாக உள்ளே வா. அது தானாக வரும்.

அவள் பையை எடுத்துக்கொண்டு வெளியே போனாள். கதவைச் சாத்தினாள். திறந்துகொண்டு உள்ளே வந்தாள். பையைக் கீழே போட்டாள். மூடியிருந்த ஜன்னல் திரையை முழுசாக இழுத்துவிட்டாள். வெளிச்சம் அவன் முகத்தில் விழுந்தது. குனிந்து, கட்டிலின் பிடியைப் பிடித்துச் சுற்ற ஆரம்பித்தாள். தலைப்பக்கம் மெல்ல உயர்ந்தது. அவனும் உயர்ந்தான். பாதி உயரத்தில் தலை ஒரு பக்கமாகச் சரிந்தது. அதை நேராக்கிவிட்டு மறுபடி சுற்றினாள்.

"மேடம்! என்ன பண்றீங்க?" நர்ஸ் ஓடி வந்து அவள் கையைப் பிடித்தாள்.

"ஒண்ணுமில்ல. காலையில இப்படித்தான் இருந்தாரு. ஒரு நிமிஷம் இருக்கட்டும்."

"மேடம், ப்ளீஸ். உக்காருங்க."

"இப்படித்தான் இருந்தாரு. ஏதோ சொன்னாரு. நீங்க இருந்தீங்களா?"

"எனக்கு டியூட்டி மத்தியானம்தான் மேடம்."

நர்ஸ் கட்டிலைப் பழையபடி இறக்கினாள். அவனும் இறங்கினான். தண்ணீர் கொண்டுவருகிறேன் என்று சொல்லிவிட்டு நர்ஸ் போனாள்.

நினைவில் வந்ததெல்லாம் பட்டாணிதான். பட்டாணியின் ஒரு காலுறை இறங்கியிருந்தது. பட்டாணியின் மோவாயில் காய்ந்த பால். பட்டாணியின் கண் அவன் முகத்தை விட்டு மருந்துப் பாட்டில் தொங்குகிற கம்பியின் பக்கம் போனது. அந்தக் கண்ணைத் திரும்ப முகத்துக்குக் கொண்டுவர அவள் விரலைச் சொடுக்கினாள். அவ்வளவும் துல்லியமாக வந்தது. அவன் வந்தபோது உதடு மட்டும் அசைந்தது. சத்தம் இல்லை.

மறந்திருந்தால் தேடலாம். தேடினால் கிடைக்கும், இன்றைக்கு இல்லாவிட்டாலும் ஒருநாள் குளிக்கும்போதோ பஸ்ஸில் போகும்போதோ சட்டென்று வந்து நிற்கும். ஆனால் இது மறந்தது இல்லை. கவனிக்காதது பதிவதே இல்லை. இதையும் அவள்தான் வருடா வருடம் புது மாணவர்களுக்கு முதல் வகுப்பில் சொல்கிறாள். இன்றைக்கு மட்டுமா? இந்த ஆஸ்பத்திரிக்கு வந்ததிலிருந்து அவன் பேசியதில் அவளிடம் என்ன இருக்கிறது? நேற்று என்ன சொன்னான்? அதற்கு முன்தினம்? அவன் வாயிலிருந்து வந்ததெல்லாம் பிள்ளையின் காதில் விழுகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்துவிட்டாள். தன் காதில் விழவேண்டும் என்று தோன்றவே இல்லை. தனக்குத்தான் மூன்று வயது தாண்டி வெகு காலம் ஆகிவிட்டதே என்று இருந்துவிட்டாள்.

அவள் கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்தாள். அவன் கையை எடுத்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டாள். பிள்ளை சரியாகத்தான் சொல்லியிருந்தாள்.

திரைக்கு அந்தப் பக்கம் வானொலி மூக்கை உறிஞ்சியது.

அவள் எழுந்து திரையைச் சரக்கென்று இழுத்தாள். வானொலி தலையணையில் சாய்ந்து, துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். அவளைப் பார்த்ததும் எழுந்து உட்காரப் பார்த்தார்.

"நீங்க காலையில இங்கதானே இருந்தீங்க?"

"எங்கம்மா போவேன் நான்."

"நாங்க உள்ள வந்ததும் அவர் ஏதோ சொன்னாரு. என்ன சொன்னாருன்னு கேட்டுச்சா?"

வானொலி யோசித்தார். "இல்லையேம்மா. மாத்திரை போட்டா எனக்குக் கண்ணைச் சொருகிக்கிட்டுப் போகுது. பாப்பா குரல் கேட்டுச்சு. அது மட்டும்தான்."

அது உண்மை. அவளுக்குத் தெரிந்தது. அத்தோடு விட்டிருக்க வேண்டும்.

"கொஞ்சம் நினைச்சுப் பாருங்க ஐயா. திரையைத் திறந்தேன். கட்டிலை உயர்த்தினேன். அப்ப ஏதோ சொன்னாரு."

"தெரியலையேம்மா..."

"என்னைப் பத்தி ஏதோ சொன்னாரு, இல்ல?"

வானொலி அவளைப் பார்த்தார். சட்டைப் பொத்தான் ஒன்று மாறிப் போட்டிருந்தது. தலைமுடியைச் சீவி எத்தனை நாள் ஆனதோ. எத்தனையோ தலைகளைக் கண்ணாடியில் பார்த்து, வயசே தெரியலியே சார் என்று சொல்லிப் பிழைத்த மனுஷர். துண்டை மடித்துத் தொடைமேல் வைத்துக்கொண்டார்.

"ஆமாம்மா," என்றார். "உங்களைப் பத்தித்தான்."

"என்ன சொன்னாரு?"

"வந்து... உங்களைப் பாத்ததும் சிரிச்சாரு." நிறுத்தி அவள் முகத்தைப் பார்த்தார். "வந்துட்டா என் டாக்டரம்மான்னாரு." மறுபடி பார்த்தார். "இனிமே எனக்குக் கவலை இல்லன்னாரு."

ஒவ்வொரு வார்த்தைக்கும் முன்னால் ஒரு நிறுத்தம். எதிரில் இருப்பவர் முகத்தைப் பார்த்துவிட்டு அடுத்ததை எடுத்து வைப்பது. வாக்கியம் முடிகிற இடத்தில் குரல் கேள்வி மாதிரி லேசாக மேலே போவது. பிள்ளைகளின் பதிவுகளில் இந்த இடங்களையெல்லாம் சிவப்பு மையில் சுழித்து, செல்லாது என்று ஒதுக்கியவள் அவள். அதுவும் போக, அவன் அவளை டாக்டரம்மா என்று கூப்பிட்டது நாலு பேர் முன்னால் வம்புக்கு இழுக்கும்போது மட்டும்தான். 'என்' என்று சேர்த்து அவன் ஒரு நாளும் சொன்னதில்லை. கவலை இல்லை என்று சொல்கிற ஆளும் அவன் இல்லை.

நர்ஸ் தண்ணீரைக் கொண்டுவந்து ஜன்னல் ஓரத்தில் வைத்துவிட்டுப் போனாள். கீழே வாகனங்கள் நிறுத்துகிற இடத்தில் யாரோ யாரையோ பின்னால் வா, பின்னால் வா என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

அவள் முக்காலியை இழுத்து வானொலியின் கட்டிலோடு ஒட்டிப் போட்டாள். உட்கார்ந்தாள். கைகளை மடியில் வைத்துக்கொண்டாள்.

"இன்னொரு தடவை சொல்லுங்க," என்றாள்.

வானொலி முதலிலிருந்து ஆரம்பித்தார். இந்தத் தடவை அவன் தலையணையிலிருந்து தலையைக் கொஞ்சம் தூக்கி, அவளைப் பார்த்துக் கையையும் நீட்டினான்.